பயன் என்னும் வரி

பழைய தமிழ் நூல்களுக்குப் பாயிரம் என்று ஒரு முகப்பு உண்டு. அது அலங்காரத்துக்காக வைத்த முகப்பு அல்ல. நூலுக்குள் நுழைகிறவன் வாசலில் நின்றே சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரம் என்றால் அதில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். நூலைச் செய்தவர் யார், நூலின் பெயர் என்ன, எதைப் பற்றியது என்பவை அந்த எட்டில் அடக்கம். இவை இன்றைய புத்தகங்களின் முதல் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன. ஆனால் இரண்டு செய்திகளைப் புத்தகம் போடுகிறவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஒன்று, கேட்போர், அதாவது, இதைக் கற்க உரியவர் யார் என்பது. மற்றொன்று பயன், கற்று முடித்தவனுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்பது.

புத்தகக்காரர்கள் கைவிட்ட அந்தப் பயனைக் கல்விச்சாலைகள் இப்போது எடுத்துக்கொண்டிருக்கின்றன. ‘கற்றல் விளைவுகள்’ என்று அதற்குப் புதுப் பெயர். 2017இல் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம், முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை குழந்தைக்கு என்ன என்ன வர வேண்டும் என்று வகுப்புவாரியாக எழுதி வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளில் இது இன்னும் மும்முரம். 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினராகச் சேர்ந்த பிறகு, அங்கீகாரம் வேண்டும் கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் விளைவுகளை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், பரிசோதனைக் குழு வரப்போகிறது என்றால் மனைவியோடு பேசவும் நேரமில்லாமல் இந்த வாக்கியங்களை எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய மேஜைக்கு மேலே சுவரில் வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள சொல்லில்தான் வாக்கியம் முடிய வேண்டும். ‘மாணவர் அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும். ‘வரைந்து காட்டுவார்’, ‘கணக்கிடுவார்’, ‘ஒப்பிட்டுக் கூறுவார்’ என்று எழுத வேண்டும்.

வினைச்சொல்லின் மேல் இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், வழி அமெரிக்காவுக்குப் போகிறது. 1949இல் ரால்ஃப் டைலர் என்ற கல்வியாளர் ஒரு சிறு நூல் எழுதினார். பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் நான்கே கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும் என்றார். முதல் கேள்வி, என்ன நோக்கத்தை அடையப் பார்க்கிறீர்கள் என்பது. கடைசிக் கேள்வி, அதை அடைந்துவிட்டோம் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பது. 1956இல் பெஞ்சமின் புளூம் என்பவரும் அவருடைய தோழர்களும் அறிவின் செயல்களை ஆறு படிகளாக அடுக்கி ஒரு நூல் வெளியிட்டார்கள். இன்று ஆசிரியர் பயிற்சி பெறும் எவருக்கும் அந்த ஆறு படிகள் மனப்பாடம். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். புளூம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வுத் துறையில் இருந்தவர். அந்த அடுக்கு முதலில் உருவானது வினாத்தாள் தயாரிக்கிறவர்களின் கூட்டங்களில்தான். கேள்விகளை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுமொழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1962இல் ராபர்ட் மேகர் வந்தார். நோக்கத்தை எழுதும் வாக்கியத்தில் மூன்று இருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னவர் அவர்: மாணவன் செய்யப்போகும் செயல், எந்த நிலைமையில் செய்வான் என்பது, எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும் என்பது.

தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவருக்கு இந்த மூன்றைப் பற்றியும் பேச்செடுத்தாலே கோபம் வரும். “சிலப்பதிகாரத்தைப் படித்தவன் என்ன செய்வான் என்று எழுதச் சொல்கிறார்கள் ஐயா! மதுரையை எரிப்பான் என்று எழுதிவிடட்டுமா?” என்று கேட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் சிரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி எனக்குள் மிச்சமாக இருந்தது. ‘அறிந்துகொள்வார்’, ‘உணர்வார்’, ‘தேர்ச்சி பெறுவார்’ என்ற மங்கலான சொற்களால் இத்தனை காலமும் பாதுகாப்பாக இருந்தது யார்? மாணவனா, நாமா?

ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்புத் தேறிவிட்டது என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. தேறியது என்றால் என்ன என்று நாம் கேட்பதில்லை. 2005இலிருந்து ‘அசர்’ என்ற ஆய்வை நடத்துகிறவர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஒரு சின்னக் காரியம் செய்கிறார்கள். இரண்டாம் வகுப்புத் தரத்தில் சின்னக் கதை ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்து, “படி, கண்ணு” என்கிறார்கள். அவ்வளவுதான் பரீட்சை. 2018இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரால்தான் அதைப் படிக்க முடிந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த நோய்க் காலத்துக்குப் பிறகு, 2022இல், நூற்றுக்கு 43 பேர்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் வருகைப் பதிவேட்டில் இருந்தது. எல்லோரும் ‘மொழித் திறன் பெற்றவர்கள்’தாம். ‘படிப்பார்’ என்ற ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றபோதுதான் உண்மை வெளியே வந்தது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மங்கலாகப் பேசினாலும் நஷ்டமில்லை. பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்பது இரண்டாவது வாரத்திலேயே தாய்க்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் டியூஷனுக்கு ஓர் ஆள் வருவார். கூலி வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய்க்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடம் சொல்வதுதான் அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் தெளிவாக இருந்தால், “மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் என் மகள் இந்த மாதிரிக் கதையைத் தானே படிப்பாள் என்றீர்களே, படிக்கவில்லையே” என்று அவள் வந்து நிற்கலாம். மங்கலாக இருந்தால் எதைச் சொல்லி நிற்பாள்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைக்கு எட்டு வருஷப் பள்ளிக்கூடத்தை உரிமையாக்கியது. அந்த எட்டு வருஷத்தில் என்ன கிடைக்க வேண்டும் என்பது விதிகளில் சேர்ந்தது 2017இல்தான். இலை போடுவதை உரிமையாக்கி, சோற்றைப் பற்றிப் பிறகு யோசித்தது போல இது எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தெளிவாக எழுதுவது இலக்கண விஷயம் அல்ல, நாணய விஷயம் என்பது என் கட்சி. பலமுள்ளவர் பலமில்லாதவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. ஒன்றைக் கற்க வருகிறவன், தனக்கு என்ன தெரியாது என்பதுகூடத் தெரியாமல் வருகிறான். துணிக்கடையில் சாயம் போகுமா என்று தேய்த்துப் பார்க்கலாம். கல்வியில் அப்படித் தேய்த்துப் பார்க்க அவனிடம் விரல் இல்லை. விற்கிறவர் சொல்வதுதான் எல்லாம்.

எங்கள் பகுதியில் மாதர் சங்கம் ஒன்று தையல் வகுப்பு நடத்துகிறது. விளம்பரத் தாளைத் திருத்திக் கொடுக்கும்படி என்னிடம் வந்தார்கள். எழுத்தாளன் என்றால் இந்த மாதிரி வேலைகளும் வரும். தாளில் இருந்தது இதுதான்: ‘ஆறு மாதத்தில் தையற்கலையின் அடிப்படைகளும் நுணுக்கங்களும் சிறந்த முறையில் கற்றுத் தரப்படும்.’ கீழே கொட்டை எழுத்தில், ‘எக்காரணத்தை முன்னிட்டும் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.’ மேகர் கேட்ட மூன்றும் இந்தக் கீழ் வரியில் குறைவில்லாமல் அமைந்திருந்தன. மேல் வரியில் ஒன்றுகூட இல்லை.

தையல் ஆசிரியை ஐம்பது வயதுள்ள அம்மாள். கை சுத்தம், பேச்சும் சுத்தம். நான் அவரைக் கேட்டேன்:

“ஆறு மாதம் முடிந்து போகிற பெண் என்ன தைப்பாள், அம்மா?”

“ரவிக்கை தைப்பா சார்.”

“யார் அளவுக்கு?”

சற்று யோசித்தார். “அவ அவளுக்குத் தைச்சுப்பா. இன்னொருத்தருக்கு அளவெடுக்கறது வேற வித்தை.”

“துணியை யார் வெட்டுவது?”

இதற்குப் பதில் வர வெகு நேரம் ஆயிற்று. “நான்தான் வெட்டித் தருவேன் சார். அதுங்க கொண்டு வர்றது நல்ல துணி. தப்பா வெட்டினா வீட்டிலே ஏசுவாங்க. காகிதத்திலே வெட்டிப் பழகட்டும்னு விட்டுடுவேன்.”

தையல் தெரிந்த வாசகியருக்கு இதன் பொருள் விளங்கியிருக்கும். மிஷினை ஓட்டுவது பாதி வேலைகூட இல்லை. அளவெடுத்துத் துணியில் கத்தரி வைப்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. அந்த வகுப்பில் சான்றிதழ் வாங்கிய பெண்களில் எத்தனையோ பேர், வீட்டில் நாலு காசு சம்பாதிக்கலாம் என்று வந்தவர்கள். துணியில் ஒருமுறைகூடக் கத்தரி வைக்காமல் அவர்கள் வெளியே போயிருக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ‘நுணுக்கங்கள்’ என்ற சொல் இருந்ததே, அது எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து வேறு வரி எழுதினோம். ‘ஆறு மாதம் முடிவதற்குள், வேறொரு பெண்ணுக்கு அளவெடுத்து, துணியைத் தானே வெட்டி, கொக்கி காஜா உள்பட ஒரு சாதாரண ரவிக்கையை ஆசிரியையின் உதவியில்லாமல் தைத்து முடிப்பார். உடுத்திப் பார்க்கும்போது தோளும் கைச்சுற்றும் பிடிக்காமல் இருக்கும்.’

அம்மாள் இரண்டு முறை வாசித்தார். முகம் வாடிவிட்டது. “எழுதிடலாம் சார். தைக்கலேன்னா என்னை வந்து கேப்பாளே?”

“கேட்பதற்காகத்தானே எழுதுகிறோம்.”

“நல்லாச் சொன்னீங்க. இருபத்திரண்டு பொண்ணுங்களுக்கு ஏழு மிஷின். அதிலே ரெண்டு நூல் அறுக்குது. இந்த வரியை நான் எழுதினா மட்டும் போதுமா? சங்கம் எழுத வேணாமா?”

பல்கலைக்கழகங்களில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ‘மாணவர் செய்வார்’ என்று வாக்கியம் முடிகிறது. அவர் செய்வதற்கு யார் என்ன கொடுப்பார்கள் என்பது வாக்கியத்தில் இல்லை. வாக்கு முழுவதும் வாத்தியாரின் தலையில் விழுகிறது. செலவு செய்ய வேண்டியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அம்மாள் சங்கத்தில் சண்டை பிடித்து மூன்று மிஷின் வாங்கினார். பழகுவதற்கென்று மலிவான வெட்டுத்துணி வாங்க மாதம் ஒரு தொகையும் வாங்கினார். விளம்பரத் தாளில் அந்த வரி அதற்குப் பிறகுதான் அச்சாயிற்று. ஆறு மாதம் கழித்து நாலைந்து பெண்களுக்கு வரவில்லை. அவர்களை மேலும் ஒரு மாதம் கட்டணமில்லாமல் வரச் சொன்னார்.

இது நல்ல முடிவு என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் இதே மாதிரித் தெளிவான வாக்கியங்கள் ஒரு தேசம் முழுவதும் குழந்தைகளை வாட்டிய கதையும் இருக்கிறது.

1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர், பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றினார். ஆறு படிகள், ஒவ்வொரு படியிலும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தது. இன்றைய நிபுணர்கள் மெச்சும்படியான தெளிவு. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு குழந்தையாகச் சோதிப்பார். ஒழுங்காக வந்து மூன்றிலும் தேறும் குழந்தைக்குப் பள்ளிக்குப் பன்னிரண்டு ஷில்லிங். அதில் எட்டு ஷில்லிங் அந்த மூன்று பாடங்களின் மேல் நின்றது. ஒரு பாடத்தில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் போயிற்று. என்ன நடந்தது? வருஷம் முழுவதும் ஒரே வாசக நூலைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். சோதனை நாளில் நோய்ப் படுக்கையில் கிடந்த பிள்ளைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அந்தக் காலத்தில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். உண்மையில் வாசிக்கத் தெரியாத குழந்தையையும் சாமர்த்தியமான தயாரிப்பினால் வாசிப்புத் தேர்வில் தேற வைத்துவிட முடிகிறது என்று அவர் அரசாங்கத்துக்கே எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த முறை நடந்தது. நம்முடைய சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்ணைப் பள்ளிகள் உள்படப் பல பள்ளிகள் இந்தத் ‘தேர்ச்சிக்குத் தக்க பணம்’ என்ற ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தன.

தையல் அம்மாளின் வரியும் தெளிவானது. லோவின் வரியும் தெளிவானது. வித்தியாசம் எங்கே? நான் பலநாள் யோசித்துப் பார்த்தேன். வாக்கியத்தின் அமைப்பில் வித்தியாசம் இல்லை. அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. அம்மாள் அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னார். லோவின் பள்ளிகள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னன. முதலாவதில் மாணவி கடன் கொடுத்தவள்; கணக்குக் கேட்கிறவள். இரண்டாவதில் குழந்தை, காட்டிப் பணம் வாங்குவதற்கான சரக்கு.

பவணந்தியார் பயனுக்குப் பக்கத்தில் கேட்போரையும் வைத்ததன் அருமை இப்போது தெரிகிறது. என் விரிவுரையாளர் நண்பரிடம், “இந்த வாக்கியங்களை உங்கள் மாணவர்கள் படித்திருக்கிறார்களா?” என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அவர்கள் எதற்குப் படிக்க வேண்டும்? இது கமிட்டிக்கு” என்றார். முதல் நாள் வகுப்பில் மாணவனுக்கு வாசித்துக் காட்டக் கூசும் வாக்கியம், கடைசி நாளில் அவன் எடுத்து வைத்துக்கொண்டு வாதாட முடியாத வாக்கியம், எவ்வளவு நல்ல வினைச்சொல்லில் முடிந்தால் என்ன?

பேராசிரியரின் கோபத்துக்கு வருகிறேன். அவர் பயந்தது கற்பனை அல்ல. ‘மாணவர் கவிதையை ரசிப்பார்’ என்று ஓர் ஆசிரியர் எழுதுகிறார். ரசிப்பதை அளக்க முடியாது என்று தாள் திரும்பி வருகிறது. ‘கவிதையில் உள்ள உவமைகளைப் பட்டியலிடுவார்’ என்று மாற்றுகிறார். தாள் ஏற்கப்படுகிறது. அடுத்த ஜூன் மாதம் முதல் வகுப்பில் நடப்பது உவமைகளின் பட்டியல். கவிதை எந்த வாசல் வழியாக வெளியே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. நன்னூலில் மாணாக்கர்களை வகை பிரித்த இடத்தில், சொல்லிக் கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியை நடுத்தரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்துக்கு மேல் இடம். கிளிக்கு விளைவு எழுதுவது எளிது. அன்னம் எதைப் பிரிக்கும் என்று முன்கூட்டி எழுத யாரால் முடியும்?

1967இல் எலியட் ஐஸ்னர் என்ற அமெரிக்கர் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார். அவர் ஓவியம் பயின்றவர் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. சில பாடங்களில் விளைவை முன்னால் எழுத முடியாது. மாணவனை எதன் எதிரில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறோம் என்பதை மட்டும் எழுதலாம் என்பது அவர் பிறகு கண்ட வழி. விலங்குக் காட்சிசாலைக்குப் போய்விட்டு வந்து, அங்கே எது மனத்தைப் பிடித்தது என்று பேசுவது. இதையே ஒரு நோக்கமாக எழுதலாம் என்றார். எதைப் பற்றிப் பேசுவான் என்று எழுத வேண்டாம். ஒருவன் யானையைப் பற்றிப் பேசலாம். ஒருவன் கூண்டுக் கம்பியைப் பற்றிப் பேசலாம்.

நான் நாவல் எழுதுகிறவன். என் நாவலைப் படித்து முடித்தவர் என்ன செய்வார் என்று முன்னுரையில் எழுதச் சொன்னால், பேனாவை மூடி வைத்துவிடுவேன். ஆனாலும் இந்த நியாயத்தைச் சோம்பேறிகள் இரவல் வாங்கிக்கொள்ளக்கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. கூட்டல் கழித்தல் வராத குழந்தையின் வாத்தியார், “அறிவை அளக்க முடியுமா?” என்று தத்துவம் பேசினால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ரவிக்கை தைப்பதும், கதையைத் தடுமாறாமல் படிப்பதும், பாலத்தின் தூண் தாங்கும் எடையைக் கணக்கிடுவதும் அளக்கக்கூடியவை. அவற்றை எழுதாமல் விடுவது அடக்கம் அல்ல. கடனை ஏட்டில் ஏற்றாமல் இருப்பது. கவிதையின் காரியம் வேறு. அங்கே பொய்யான வினைச்சொல் ஒன்றைப் போட்டு வாக்குக் கொடுப்பதைவிட, வாக்குக் கொடுக்காமல் கவிதையைக் கொடுப்பது யோக்கியமான செயல்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு பள்ளியில் தலைமை ஆசிரியை, வெள்ளிக்கிழமை கடைசி மணியை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவரே ஏழாம் வகுப்புக்குப் போய்க் கதை படிப்பார். கேள்வி கேட்க மாட்டார். சுருக்கம் எழுதச் சொல்ல மாட்டார். பார்வையிட வந்த அதிகாரி கால அட்டவணையில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “இதற்கு விளைவு எழுதவில்லையே?” என்று கேட்டாராம். மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் அந்த அம்மையார் பிசிறில்லாமல் எழுதியிருந்தார். கணக்குக்கு, இன்ன கணக்கை இத்தனை நிமிஷத்தில். தமிழுக்கு, இன்ன அளவுள்ள கடிதத்தைப் பிழையில்லாமல். பேனாவை வாங்கி, காலியாக இருந்த அந்தக் கட்டத்திலும் எழுதினார்: ‘ஆசிரியர் நாற்பது நிமிஷம் கதை படிப்பார்.’

“மாணவர் என்ன செய்வார் என்றல்லவா எழுத வேண்டும்?” என்றார் அதிகாரி.

“அது அவங்க இஷ்டம் சார்” என்றாராம் அந்த அம்மையார்.